அறுபது வயதில் வேனில் குடியேறுவது: கோலாலம்பூரில் இது எதுவரை நடக்கும்?

பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். வீட்டுக் கடன் கட்டி முடிந்துவிட்டது. முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளாக மனம் ஒட்டாத ஒருவரோடு ஒரே கூரையின்கீழ் இருப்பது மட்டும் தொடர்கிறது. இந்த நிலையில் இருக்கும் நம் பெண்கள் சிலர் இப்போது வேனைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஆண்களிலும் சிலர் உண்டு. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தலை நரைத்த பெண்கள் தனியாக வேன் ஓட்டிக்கொண்டு, அதிலேயே சமைத்துத் தூங்கி, ஊர் ஊராகப் போவதை யூடியூப்பில் பார்த்திருக்கிறார்கள். ஒரு பழைய வேனும் மெத்தையும் சின்ன அடுப்பும் இருந்தால் மீதிக் காலத்தை நிம்மதியாகக் கழித்துவிடலாமே என்று தோன்றுகிறது.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று சிரித்து ஒதுக்குகிறவர்கள் நிறைய. எனக்கு அப்படி ஒதுக்க மனம் வரவில்லை. பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரில் தையல் கடை வைத்திருந்த அக்கா ஒருவர் இதைப் பற்றி என்னிடம் வெகுநேரம் பேசினார். "பிள்ளைங்க வீட்டுக்குப் போயிடலாமே அக்கா?" என்று கேட்டேன். "மகன் வீட்டுக்குப் போனா நான் ஆயாம்மா. மகள் வீட்டுக்குப் போனா விருந்தாளி. எனக்குன்னு ஒரு கதவு வேணும்மா, உள்ளேயிருந்து நான் பூட்டிக்கிற மாதிரி" என்றார்.

அவர் கேட்டது நியாயமான தேவை. அந்தக் கதவு வேனின் கதவாகத்தான் இருக்க வேண்டுமா என்பதை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும். நான் விசாரித்துத் தெரிந்துகொண்ட வரையில், மலேசியாவில் முழுநேரமும் வேனில் வாழ்வது கடைசியில் யோசிக்க வேண்டிய வழி. வீட்டிலும் சேமிப்பிலும் உங்களுக்கு உள்ள பங்கைக் கேட்டு வாங்குவது அதற்கு வெகு முன்னால் வருகிறது. பலர் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறார்கள். சண்டை சச்சரவு வேண்டாம், எதுவும் கேட்காமல் வெளியே வந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

இந்த வயதில் இருக்கும் நம்மில் பலர் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் பிறந்தவர்கள். லயத்து வீடு நிர்வாகத்தினுடையது. வேலை போனால் வீடும் போகும். தோட்டங்களை வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் விற்றபோது எத்தனையோ குடும்பங்கள் சட்டி பானையோடு வெளியேறின. அதற்குப் பிறகு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், கடன் வாங்கி வாங்கிய சின்னத் தரைவீடுதான் பல குடும்பங்களுக்கு முதல் சொந்தச் சொத்து. அதில் அம்மாவின் தையல் காசும், சீட்டுக் காசும், அடகு வைத்த வளையலும் இருக்கின்றன. "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று சொல்வதற்கு முன்னால் அதையெல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, அமெரிக்காவில் இது எப்படி நடக்கிறது? அங்கே மேற்கு மாநிலங்களில் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையிடம் ஏராளமான பொதுநிலம் இருக்கிறது. அதில் பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை வண்டியை நிறுத்தித் தங்கலாம். பிறகு இடம் மாற வேண்டும். அரிசோனாவில் குவார்ட்சைட் ஊருக்குப் பக்கத்தில், செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அனுமதிச் சீட்டு வாங்கி மாதக்கணக்கில் தங்குவதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பாலைவனக் குளிர்காலம் என்பதால் காற்று உலர்ந்திருக்கும், இரவில் போர்த்திக்கொண்டு தூங்கலாம். வீடில்லாமல் ஊர் சுற்றுகிறவர்களுக்கு முகவரி கொடுத்துக் கடிதங்களை வாங்கி அனுப்பும் நிறுவனங்கள் தெற்கு டகோட்டா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் உண்டு.

இன்னொரு விஷயம் அந்த வீடியோக்களில் கண்ணில் படாது. அமெரிக்காவில் திருமணம் பத்தாண்டு நீடித்திருந்தால், மணமுறிவுக்குப் பிறகும் 62 வயது முதல், மறுமணம் செய்துகொள்ளாத முன்னாள் மனைவி, கணவரின் கணக்கை வைத்து சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் கேட்கலாம். முழு ஓய்வு வயதில் கேட்டால் அது கணவருடைய தொகையில் பாதிவரை வரும். வேனில் வாழும் அந்த அம்மாவுக்கு மாதாமாதம் ஒரு தொகை வந்து விழுகிறது. நம் ஊர் இபிஎப், அதாவது ஊழியர் சேமநிதி, அப்படியில்லை. அது அவரவர் கணக்கு. வாழ்நாள் முழுக்க வீட்டு வேலை பார்த்த பெண்ணின் பெயரில் அங்கே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

நம் நாட்டில் பொதுநிலத்தில் வண்டியை நிறுத்திக் குடியிருக்கும் உரிமை என்று ஒன்று கிடையாது. பிளஸ் நெடுஞ்சாலையில் தாப்பா, சுங்கை பேராக் போன்ற ஆர் அண்ட் ஆர் ஓய்விடங்களில் ஒரு இரவு கண்ணயரலாம். கழிப்பறை உண்டு, வெளிச்சம் உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு. ஆனால் அது ஓட்டுநர்கள் களைப்பாறும் இடம். பினாங்கில் தெலுக் பஹாங், பாலிக் புலாவ் பக்கம் வார இறுதியில் வேன்காரர்கள் வந்து தங்குவதைப் பார்க்கலாம். வார இறுதி என்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. அதே வண்டி மாதக்கணக்கில் அங்கேயே நின்றால் கிராமத்துக்காரரோ நகராண்மைக் கழகமோ வந்து கேட்கத்தான் செய்வார்கள்.

இங்கே ஒரு சட்டத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம், மலாயில் அக்தா ஓராங் பாப்பா. பிச்சை எடுக்காவிட்டாலும், பிழைப்புக்கு வழியோ தங்க இடமோ இல்லாதவராகப் பொது இடத்தில் காணப்படுபவரை சமூகநல அதிகாரிகள் அழைத்துப் போக அது வழி வைத்திருக்கிறது. வேனில் தூங்குகிற ஒவ்வொருவர்மீதும் அது பாயும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரவில் கண்ணாடியைத் தட்டி "எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்று கேட்பவரிடம் காட்ட உங்களுக்கு ஒரு முகவரி வேண்டும்.

சட்டத்தைவிட அன்றாடம் படுத்துவது வெக்கை. கோலாலம்பூரில் பகலில் 32, 33 பாகை. விடியற்காலையிலும் 24ஐ ஒட்டித்தான் இருக்கும். காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம். வெயிலில் நின்ற வண்டியின் உட்பக்கம் 50 பாகையைத் தாண்டும். தகரக் கூரை அந்தச் சூட்டை இரவு வெகுநேரம் வரை விடாது. கண்ணாடியை இறக்கினால் கொசு, டெங்கி. ஏற்றினால் புழுக்கம். வலையடித்த ஜன்னலும் கூரையில் காற்றை இழுத்துத் தள்ளும் விசிறியும் இல்லாமல் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

ஏ.சி. போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேன்களில் வைக்கும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ 1,280 வாட்-மணி மின்சாரம் நிற்கும். 25 வாட் விசிறி இரவு எட்டு மணி நேரம் ஓட 200 போதும். 500 வாட் இழுக்கும் சின்ன ஏ.சி. அதே எட்டு மணி நேரம் ஓட 4,000 வேண்டும். மூன்று பேட்டரி வைத்தாலும் போதாது. கூரையில் 200 வாட் சோலார் பலகை பொருத்தினால் நல்ல வெயில் நாளில் 700, 800 கிடைக்கலாம். ஆக, விசிறியோடு வாழ முடியும், ஏ.சி.யோடு முடியாது. இரவெல்லாம் இன்ஜினை ஓட விட்டு ஏ.சி. போடுவது உயிரைப் பணயம் வைப்பது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். 2020இல் பினாங்கில் நிறுத்தியிருந்த காருக்குள் இளம்பெண்கள் மூவர் இறந்துபோன செய்தி பலருக்கு நினைவிருக்கும்.

இன்னொன்றை யாரும் வீடியோவில் சொல்வதில்லை. அறுபது வயதில், அதிலும் இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தால், இரவில் இரண்டு மூன்று முறையாவது எழுந்து போக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம், முட்டி வலிக்கலாம், வெளியே நாய் நிற்கலாம். கையடக்கக் கழிப்பறைப் பெட்டிகள் விற்கிறார்கள். ஆனால் அவற்றின் கழிவைக் கொட்டுவதற்கென்று வேன்காரர்களுக்கு அமைத்த இடங்கள் வெளிநாடுகளில் போல இங்கே பரவலாக இல்லை. எங்கே வண்டியை நிறுத்துவது என்பதைக் கடற்கரைக் காட்சி தீர்மானிக்காது, பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கும்.

மருந்து விஷயத்தில் மட்டும் நம் நாடு பரவாயில்லை. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). இரத்த அழுத்தத்துக்கும் இனிப்புநீருக்கும் மாதாமாதம் வாங்கும் மருந்தை வேறு ஊர் அரசு கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ வாங்கிக்கொள்ள எஸ்பியுபி என்ற ஏற்பாடு இருக்கிறது. மருந்துக் கவுண்டரிலேயே கேட்டுப் பதிந்துகொள்ளலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்குத்தான் சிரமம். திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். பகலில் மூடிக் கிடக்கும் வேனில் சின்னக் குளிர்ப்பெட்டி இல்லாமல் அது ஆகாது. அந்தப் பெட்டியும் மேலே சொன்ன அதே பேட்டரியில்தான் கை வைக்கும்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலர் கண் வைப்பது பழைய ஹையேஸ், உர்வான், வேனட் மீது. ஜன்னல் வேன் வேறு, சரக்கு ஏற்றும் பேனல் வேன் வேறு. சரக்கு வண்டியாகப் பதிந்ததற்குப் புஸ்பாகாம் வாகனச் சோதனையும் விதிகளும் தனி. கட்டில், அலமாரி என்று நிரந்தரமாகப் பொருத்துவது, இருக்கைகளை எடுப்பது, கூரையை வெட்டுவது எல்லாவற்றுக்கும் முன்னால் ஜேபிஜேயிடம் (சாலைப் போக்குவரத்து இலாகா) கேளுங்கள். அனுமதி இல்லாத மாற்றம் காப்புறுதி கோரும்போது வந்து நிற்கும். உள்ளே இருப்பது வெளியே தெரியாமல் இருக்க, பின்பக்கக் கண்ணாடிகளுக்கு எவ்வளவு கறுப்பு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ள 2019 முதல் அனுமதி உண்டு. தனியாகத் தூங்கும் பெண்ணுக்கு இது பெரிய உதவி. டீசல் வேனாக இருந்தால், தீபகற்பத்தில் 2024 ஜூன் 10 அன்று பொதுவான டீசல் மானியம் நின்றதை மறக்க வேண்டாம். பெட்ரோலுக்கு 2025 செப்டம்பர் இறுதியில் வந்த பூடி95 மானியத் திட்டத்தில் மைகார்டு (அடையாள அட்டை) காட்டினால் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. தொடங்கியபோது மாதத்துக்கு 300 லிட்டர் வரை கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணமும் மணவிலக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அது 1982 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்னால் வழக்கப்படி கோயிலில் தாலி கட்டியிருந்தால், அதைப் பதிவான திருமணமாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கோயிலில் மட்டும் தாலி கட்டி, பதிவிலாகாவில் கையெழுத்துப் போடாமல் விட்டிருந்தால் சிக்கல். இன்று அறுபதை ஒட்டி இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தேதிக்குப் பிறகு மணம் முடித்தவர்கள். "ரிஜிஸ்டர் அப்புறம் பண்ணிக்கலாம்" என்று அன்றைக்கு விட்டவர்கள் நம்மிடையே குறைவில்லை. ஆகவே வழக்கறிஞரிடம் போனால் முதலில் பேச வேண்டியது இதைத்தான். பிறகு, வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதை. இருவர் பெயரிலும் இருந்தால் உங்கள் கையெழுத்து இல்லாமல் உங்கள் பங்கை யாரும் விற்க முடியாது.

இருவரும் ஒத்துக்கொண்டால் கூட்டாக மனுப் போடலாம். அதுதான் செலவும் வேதனையும் குறைந்த வழி. ஒருவர் மட்டும் கேட்டால், பொதுவாக முதலில் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். அதற்கு ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. நீதிமன்றம் மணவிலக்குக் கொடுத்தாலும் பொதுவாக மூன்று மாதம் கழித்துத்தான் அது முடிவானதாகும். வழக்கு முடிய ஓராண்டு ஆகும் என்ற மனநிலையோடு தொடங்குவது நல்லது.

மனைவி சம்பாதிக்கவில்லையே, என்ன பங்கு கிடைத்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு ஒருவர் மட்டுமே சம்பாதித்து வாங்கிய சொத்தில் அவருக்கே கூடுதல் பங்கு என்ற ஏற்பாடு சட்டத்தில் இருந்தது. 2017இல் திருத்தி, 2018 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த மாற்றம் அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. வீட்டையும் குடும்பத்தையும் கவனித்துக்கொண்ட உழைப்பு, திருமணம் எத்தனை ஆண்டு நீடித்தது என்பதையெல்லாம் நீதிமன்றம் கணக்கில் எடுத்து, சமமாகப் பிரிப்பதை நோக்கிப் போக வேண்டும். முப்பத்தைந்து ஆண்டு சமைத்துப் போட்டதும், மாமியாரை இறுதிவரை பார்த்துக்கொண்டதும் அந்தக் கணக்கில் வைத்துப் பேச வேண்டியவை. இதை அறியாமல் "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பற்றிக் கேட்கும்போது வயிறு எரிகிறது.

மணவிலக்கு என்ற சொல்லே வேண்டாம், இந்த வயதில் அந்தப் பெயர் வேண்டாம் என்று தயங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் வழியிருக்கிறது. அதே சட்டத்தில், திருமணத்தை முறிக்காமல் பிரிந்து வாழ நீதிமன்ற ஆணை கேட்கலாம். அப்போதும் சொத்தைப் பிரித்துத் தரச் சொல்லலாம். தாலியைக் கழற்ற மனமில்லாத ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது நம் சமூகத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அதிகம் பேசப்படாத வழி இது. வழக்கறிஞர் தாமாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். பணம் இல்லாதவர்கள் அரசின் சட்ட உதவித் துறைக்குப் போகலாம். வருமானத்தைப் பார்த்துக் குடும்ப வழக்குகளை எடுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டை விட்டுப் போனால் பங்கு போய்விடும் என்று பயந்து, தாங்க முடியாத இடத்திலேயே இருப்பவர்களும் இருக்கிறார்கள். வெளியேறியதாலேயே உங்கள் கோரிக்கை அழிந்துவிடாது. இரண்டாண்டு பிரிந்து வாழ்ந்ததே திருமணம் முறிந்ததற்குச் சான்றாக நீதிமன்றத்தில் நிற்கும். வெளியேறும்போது உண்மையில் தொலைவது காகிதங்கள். திருமணச் சான்றிதழ், வீட்டுப் பட்டாவின் நகல், கடன் கட்டிய வங்கி ரசீதுகள், உங்கள் காசில் வாங்கிய சாமான்களின் ரசீது, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். அந்தப் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். வேன் பார்க்கப் போவதற்கு வெகு நாளைக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

அடி உதை இருக்கிற வீட்டுக்கு மேலே சொன்ன நிதானம் எதுவும் பொருந்தாது. அங்கே காகிதம் சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாலியான் காசிஹ் என்ற அரசின் உதவித் தொலைபேசி 15999 எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ், சமூகநல இலாகா அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க முடியும். பினாங்கில் பெண்கள் மாற்றத்துக்கான மையம் இருக்கிறது. சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் பெண்கள் உதவி இயக்கம் இருக்கிறது. அப்படிப்பட்ட நிலையில் காரில் போய் ஒளிந்து தூங்குவது பாதுகாப்பில்லை. வண்டி எண் அடிக்கிறவருக்குத் தெரியும்.

அப்படியானால் வேன் வேண்டவே வேண்டாமா? வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், ஒரு அறையோடு சேர்த்து. கோலாலம்பூரிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களுக்குத் தைப்பிங், ஈப்போ, சித்தியவான், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் வாடகை குறைவு. அரசு மருத்துவமனையும் கோயிலும் பசாரும் பக்கத்திலேயே இருக்கும். அங்கே ஓர் அறையோ, ஒத்த மனமுள்ள இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஒரு சின்ன வீடோ எடுத்துக்கொள்ளலாம். உள்ளேயிருந்து பூட்டும் கதவும் முகவரியும் அங்கேயே கிடைத்துவிடும். இடம் மாறினால் 30 நாளுக்குள் மைகார்டில் முகவரியை மாற்றுவது சட்டம்.  அப்புறம் வேனை எடுத்துக்கொண்டு மாதத்தில் பத்து நாளோ பதினைந்து நாளோ எங்கே வேண்டுமானாலும் போகலாம். கேமரன் மலையில், கிட்டத்தட்ட 1,450 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவில், இரவில் ஏ.சி. தேவையில்லை. செராட்டிங், குவாந்தான் கடற்கரைக்கு ஏப்ரலுக்குப் பிறகு போங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அந்தப் பக்கம் பருவமழை.

கையில் காசு வந்ததும் வேனை வாங்கிவிட வேண்டாம். வாடகைக்கு வேன் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு எடுத்து, மலையில் இரண்டு இரவும் கோலாலம்பூர் வெக்கையில் இரண்டு இரவும் தூங்கிப் பாருங்கள். கழிப்பறை, குளியல், முதுகுவலி, தனியாக இருக்கும்போது வரும் பயம் எல்லாம் அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். இதற்கிடையில் இபிஎப் வாரிசுப் பெயரையும் உயிலையும் எடுத்துப் பாருங்கள். மணவிலக்கு ஆனாலும் பழைய உயில் தானாக ரத்தாகாது. வாரிசாகக் கொடுத்த பெயரும் நீங்கள் புதிதாக எழுதிக் கொடுக்கும்வரை அப்படியேதான் இருக்கும். அதை மாற்ற இபிஎப் கிளைக்குப் போக ஒரு காலைப் பொழுது போதும்.